காப்பகத்தின் தலைமை யாருக்கு?

1891-இல் அந்நிய ஆட்சி கல்கத்தாவில் ஓர் ஆவணத் துறையைத் தோற்றுவித்தது. அதுவே பின்னர் தில்லியில் தேசிய ஆவணக் காப்பகமாயிற்று. ஆள்வோர் எழுதிய கோப்புகள் அங்கே மலைபோல் குவிந்துள்ளன. ஆளப்பட்டோர் குரலோ அருகியே கேட்கிறது. ஏன்? எதைக் காப்பது, எதைக் கழிப்பது என்று அன்று முடிவு செய்தவர் ஆள்வோரே அன்றோ!

1988-இல் தமிழ் எழுத்தாளர் அம்பை, வேறிரு பெண்மணிகளுடன் சேர்ந்து, பம்பாயில் 'ஸ்பாரோ' என்னும் காப்பகத்தை நிறுவினார். பெண்களின் பேச்சும் புகைப்படமும் அங்கே ஆவணமாயின. தலைமை மாறியது, சான்றும் மாறியது!

உழவர், தொழிலாளர், ஒடுக்கப்பட்டோர் வீட்டுப் பிள்ளைகளும் இத்துறையில் ஏவலராய் நின்றுவிடாது தலைமை ஏற்றல் வேண்டும். வரலாறு பயிலும் நண்பர்களே, அப்பொறுப்பை ஏற்க நீங்கள் ஆயத்தமா?