சைக்கிள் விளக்கும் பெட்டி மேல் எண்ணும்

இரவில் சைக்கிள் ஓட்டுவோர் லூமென் எண்ணை மட்டும் பார்த்து எல்இடி விளக்கு வாங்கும் வழக்கம் மாற வேண்டும். லூமென் என்பது விளக்கு உமிழும் மொத்த ஒளி. அது சாலையில் விழுகிறதா, எதிரே வருபவரின் கண்ணில் விழுகிறதா என்பதை அந்த எண் சொல்வதில்லை. ஜெர்மனியில், எதிரே வருபவரின் கண் கூசாதபடி ஒளியின் மேல்விளிம்பை அடக்கி, அங்கீகார முத்திரை பெற்ற விளக்குக்கே சாலையில் அனுமதி. முன்விளக்கு விட்டுவிட்டு எரியவும் கூடாது. நியாயமான விதி.

பேட்டரியில் ஏமாற்று இன்னும் அதிகம். 18650 வகை லித்தியம் செல் 3,500 மில்லி ஆம்பியர்-மணியைத் தாண்டுவது அரிது. இக்கடிதம் எழுதுபவர் வாங்கிய செல்லின் உறையிலோ 9,900 என்று அச்சிட்டிருந்தது. நாற்பதே நிமிடத்தில் விளக்கு மங்கியது. வேகத்தடை இருப்பது சக்கரம் அதில் ஏறிக் குலுக்கிய பிறகுதான் தெரிந்தது. நல்ல செல் ஒன்று தருவது சுமார் 12 வாட்-மணி. 10 வாட் விளக்கு அதில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக எரியும். 3 வாட்டில் வைத்தால் நான்கு மணி நேரம் வரும். தெருவிளக்கு உள்ள சாலைக்கு அதுவே தாராளம். தினமும் ஓட்டுபவருக்கு முன்சக்கர அச்சில் பொருத்தும் 6 வோல்ட், 3 வாட் டைனமோ இன்னும் நல்லது. சார்ஜ் போட மறந்த கவலை இல்லை.

விளக்குப் பெட்டியின் மேல் வாட்-மணியையும் எரியும் நேரத்தையும் அச்சிடுவதைக் கட்டாயமாக்கலாம்; பின்பக்கச் சிவப்பு விளக்கையும் சேர்த்தே விற்கச் செய்யலாம்.