தீவில் ஆளே இல்லையாம்!

2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரைக் குடிசைவாசிகளைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்களே, ஏட்டில் அவர்களுக்கு என்ன பெயர்? ஆக்கிரமிப்பாளர்! அங்கேயே பிள்ளை பெற்று, பேரன் எடுத்தவர்களுக்கு அந்தப் பெயர். பெயரை மாற்றினால் உரிமை பறந்துவிடும். இந்த வித்தையை ஐ.நா. சபையிலேயே ஆடியவர்கள் பிரிட்டிஷ் துரைமார்கள்.

மாலத்தீவுக்குத் தெற்கே சாகோஸ் என்று ஒரு தீவுக் கூட்டம். அன்று பிரிட்டிஷ் காலனியாயிருந்த மொரீஷியஸைச் சேர்ந்தது. மொரீஷியஸ் 1968-ல் சுதந்திரம் பெற்றது. அதற்கு முன்பே, 1965 நவம்பரில், 30 லட்சம் பவுனைக் கொடுத்துச் சாகோஸை வெட்டி எடுத்துக்கொண்டது லண்டன் சர்க்கார். எதற்கு? டீகோ கார்சியா தீவை அமெரிக்க ராணுவத் தளத்துக்குக் கொடுக்க! காலனியைத் துண்டாடாதே என்று அடுத்த மாதமே ஐ.நா. பொதுச் சபை தீர்மானம் போட்டது.

துரைமார்களுக்கு ஒரு தலைவலி. மக்கள் வாழும் காலனியைப் பற்றி ஐ.நா.வுக்குத் தகவல் தரவேண்டும் என்கிறது சாசனத்தின் 73-வது விதி. மக்கள் இருந்தால்தானே கேள்வி? ஆகவே மக்களையே ஏட்டிலிருந்து அழித்தார்கள். ஆப்பிரிக்க அடிமைகளின், இந்தியக் கூலிகளின் வழிவந்தவர்கள். தலைமுறை தலைமுறையாகத் தென்னந்தோப்பில் தேங்காய் உரித்துக் கொப்பரை காயவைத்தவர்கள். அவர்கள் "ஒப்பந்தக் கூலிகள், நிரந்தரக் குடிகள் அல்ல" என்று ஆனார்கள். இருபது வருஷம் தறி ஓட்டியும் "பதிலி" என்றே பெயர் நிற்கும் தோழருக்கு இதை நான் விளக்க வேண்டுமா?

கடற்பறவைகளைத் தவிர அங்கே பூர்வ குடிகள் இருக்கமாட்டார்கள் என்று 1966-ல் ஒரு வெளிவிவகார அதிகாரி குறிப்பே எழுதினார். அந்தத் தாள் பின்னால் வெளியே வந்துவிட்டது. 1968-லிருந்து 1973-க்குள் ஆயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல் மொரீஷியஸிலும் செஷல்ஸிலும் கொண்டுபோய்த் தள்ளப்பட்டார்கள். 1971-ல் அவர்கள் வளர்த்த நாய்களைக் கொப்பரைக் கொட்டகையில் அடைத்துப் புகையேற்றிக் கொன்றார்கள். அதே கொப்பரைக் கொட்டகை!

2019-ல் சர்வதேச நீதிமன்றம் இந்தப் பிரிவினை சட்டப்படி செல்லாது என்றது. பொதுச் சபையில் 116 நாடுகள் மொரீஷியஸ் பக்கம். இந்தியாவும் அதில் உண்டு. பிரிட்டனோடு நின்றவை ஐந்தே நாடுகள். அது வெறும் ஆலோசனைதான், கட்டுப்படுத்தாது என்றது லண்டன். நம்மவர்களும் அந்தத் தீவை அறிவார்கள்: 2021-ல் அங்கே கரையேறிய ஈழத் தமிழ் அகதிகள் மூன்று வருஷம் கூடாரத்தில் கிடந்தார்கள்.

2025 மே 22-ல் இரு சர்க்கார்களும் கையெழுத்திட்டன. சாகோஸ் மொரீஷியஸுக்கு, டீகோ கார்சியா மட்டும் 99 வருஷக் குத்தகைக்குப் பிரிட்டனுக்கு. மொரீஷியஸ் தன் பங்கைக் கேட்டது நியாயம்தான். ஆனால் பேச்சுவார்த்தை மேஜையில் தீவு மக்களுக்கு நாற்காலி இல்லை. மற்றத் தீவுகளில் அவர்கள் குடியேறலாம் என்று எழுதியிருக்கிறது. பெரும்பாலோர் பிறந்து வளர்ந்த டீகோ கார்சியாவில் மட்டும் கூடாது.