பெயரை மூடிவிட்டு மார்க் போடுங்கள்!

(நமது தங்கவயல் நிருபர்)

ஸ்கெலட்டன்: மாரிக்குப்பத்தில் விடியற்காலை ரயிலேறி, பெங்களூருக்கு வேலைக்குப் போய் வரும் நம் இளைஞர்கள் சிலர், அங்கிருந்து ஒரு புதுப் பழக்கத்தையும் கொண்டு வந்திருக்கிறார்கள். நாலைந்து நண்பர்கள் கூடுகிறார்கள். ஆளுக்கொரு ஒயின் பாட்டில் வாங்கி வருகிறார்கள். ஒவ்வொன்றிலும் ருசி பார்த்து மார்க் போடுகிறார்கள். கடைசியில் முதலிடம் எதற்கு? பெரும்பாலும் விலை அதிகமான பாட்டிலுக்குத்தான்!

மார்க் போட்டது நாக்கா, விலைச் சீட்டா? இதுதான் நம் கேள்வி.

ஒயின் நமக்குப் புதிய பொருள் அல்ல. கிறிஸ்துமஸ் வந்தால் ஆங்கிலோ-இந்தியர் வீடுகளிலும், நம் கிறிஸ்தவக் குடும்பங்கள் பலவற்றிலும் ஜாடியில் திராட்சை ஒயின் போடுவது தங்கவயலின் பழைய வழக்கம். 'பெங்களூர் புளூ' திராட்சை விளைவதும் நம் கோலார் பக்கத்தில்தான். நந்தி மலை அடிவாரத்தில், தொட்டபள்ளாப்பூர் அருகே கன்வல் குரோவர் என்பவர் 1988-ல் பிரெஞ்சு நாட்டுத் திராட்சை வகைகளைப் பயிரிட்டார். 1992-ல் அவருடைய முதல் ஒயின் வெளிவந்தது. ஆகவே வெளிநாட்டு லேபிளைக் கண்டதும் கைகட்டி நிற்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை.

பாரிசில் நடந்த போட்டி

1976 மே 24-ந் தேதி பாரிஸ் நகரில் ஒரு போட்டி நடந்தது. ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேய ஒயின் வியாபாரி நடத்தினார். மார்க் கணக்கில் கொள்ளப்பட்ட நடுவர்கள் ஒன்பது பேரும் பிரெஞ்சுக்காரர்கள். ஒயின் விஷயத்தில் பெரும் புள்ளிகள். பிரெஞ்சு ஒயின்களையும், அமெரிக்காவின் கலிபோர்னியா ஒயின்களையும் பெயர் தெரியாதபடி ஊற்றிக் கொடுத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் 20-க்கு இத்தனை என்று மார்க்.

முடிவு என்ன? வெள்ளை ஒயினிலும் கலிபோர்னியாவுக்கு முதலிடம், சிவப்பு ஒயினிலும் கலிபோர்னியாவுக்கே முதலிடம்! நடுவர்களில் ஓர் அம்மையார், தாம் போட்ட மார்க் சீட்டைத் திருப்பிக் கேட்டாராம். பெயர் தெரிந்திருந்தால் இந்த முடிவு வந்திருக்குமா? அன்பர்களே யோசித்துக் கொள்ளலாம்.

நிபுணர்களும் தடுமாறினார்கள்

பிரான்சில் போர்டோ பல்கலைக்கழகத்தில் ஒயின் தயாரிப்பு படிக்கும் மாணவர்கள் 54 பேரை வைத்து ஒரு சோதனை நடந்தது. வெள்ளை ஒயினில் வாசனையில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். மாணவர்கள் அதை முகர்ந்துவிட்டு, சிவப்பு ஒயினுக்குச் சொல்லும் வர்ணனைகளையே எழுதினார்கள். இந்த ஆய்வு 2001-ல் வெளியானது. அங்கே மூக்கைக் கண் ஏமாற்றிவிட்டது.

கலிபோர்னியாவில் ராபர்ட் ஹாட்ஜ்சன் என்பவர் 2005 முதல் சில ஆண்டுகள் வேறொரு சோதனை செய்தார். அங்குள்ள மாநிலப் பொருட்காட்சி ஒயின் போட்டியில், ஒரே பாட்டிலிலிருந்து மூன்று கிளாஸ் ஊற்றி, மற்ற ஒயின்களுக்கு நடுவே கலந்து வைத்தார். மூன்றுக்கும் ஏறக்குறைய ஒரே மார்க் போட்ட நடுவர்கள் பத்தில் ஒருவர்தான்! தொழில்முறை நடுவர்கள் கதியே இது என்றால், ஞாயிற்றுக்கிழமை மார்க் போடும் நம் தம்பிமார்கள் அலட்டிக் கொள்ளலாமா?

தங்கவயல்காரனுக்கு இது புரியும்

2001 பிப்ரவரி 28-ந் தேதி சுரங்கங்கள் மூடப்பட்டன. அதுவரை இங்கே தாதுவைச் சோதித்தது நெருப்பு. ஈயத்தோடு சேர்த்து உலையில் உருக்கி, மிஞ்சும் தங்கமணியை எடைபோட்டுக் கணக்குச் சொல்வார்கள். சாம்பியன் ரீஃபா, நந்திதுர்க்கா, மைசூர் சுரங்கமா என்று நெருப்பு கேட்காது. மார்க் போடும் நாக்கும் அப்படி இருக்க வேண்டும்.

"நண்பர்கள் கூடிச் சிரிக்கும் இடத்தில் பரீட்சை எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். சிரிப்பதற்குத்தான் கூடுகிறோம் என்றால் மார்க் வேண்டாமே! மார்க் என்று வந்துவிட்டால் அதில் நியாயம் வேண்டும். செக்யூரிட்டி வேலை பார்க்கும் நண்பன் தன் சக்திக்கு ஏற்ற பாட்டிலோடு வருகிறான். லேபிளைப் பார்த்ததுமே அதற்குக் கடைசி இடம். அவன் தலை குனிகிறான். அடுத்த முறை கடன் வாங்கியாவது பெரிய பாட்டில் வாங்குகிறான், அல்லது வராமலே இருந்து விடுகிறான். ஊர்ப் பெயரையும் உடுப்பையும் பார்த்து எடைபோடப்படும் வேதனை தெரிந்த நாமே இதைச் செய்யலாமா?

என்ன செய்யலாம்?

ருசி பார்க்காத ஒருவர் பாட்டில்களைக் காகிதத்தில் சுற்றி எண் போடட்டும். எல்லாருக்கும் ஒரே மாதிரி கிளாஸ், ஒரே அளவு. எல்லாரும் எழுதி முடிக்கும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. ஒரே பாட்டிலை இரண்டு எண்களில் ஊற்றினால், யார் நாக்கு நிலையானது என்பதும் தெரிந்துவிடும். கடைசியில் காகிதத்தைப் பிரித்து விலையைப் படியுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குடியால் கெட்ட குடும்பங்களை நம் லைன்களில் பார்த்திருக்கிறோம். ருசி பார்க்க ஒரு வாய் போதும். தொழில்முறை நடுவர்கள் அதையும் துப்பி விடுகிறார்கள். முழு கிளாஸ் குடித்தவர் மூன்றாவது பாட்டிலுக்கு மேல் மார்க் போட லாயக்கில்லை. குடிப் பழக்கம் இல்லாதவரை வற்புறுத்தவும் வேண்டாம். ஊற்றிக் கொடுத்துக் கணக்கு எழுத அவரைவிடப் பொருத்தமானவர் யார்?

இதற்குத் தனியாகச் செலவு ஏதும் இல்லை. படித்து முடித்த பழைய பேப்பர் நாலு தாள் போதும்.