குத்தகை உயர்வும் நீதியும்

"செலவு ஏறிவிட்டது, குத்தகையும் ஏறவேண்டும்" என்னும் குரல் உருத்திரபுரத்து வயல்வெளிகளில் எழுகின்றது. காணிச் சொந்தக்காரரின் செலவு ஏறியது மெய்யே. அதனை மறுப்பது நீதியன்று. ஆயினும், 2021இல் இரசாயனப் பசளை தடைசெய்யப்பட்டபோதும், 2022இல் டீசல் விலை ஏறியபோதும் பெருஞ்சுமையைத் தாங்கியவன் உழுதவனே.

1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் குத்தகைக்கு வரம்பிட்டு, உழுபவனுக்கு நிலையுரிமை வழங்கிற்று. 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டமும் அப்பாதுகாப்பைக் கைவிடவில்லை.

விளைவில் பங்கு பெறுபவனுக்கு நெல்விலை ஏறும்போது வருவாயும் தானே ஏறும். முற்பணம் வாங்குபவனோ இரணைமடு வற்றினாலும் நட்டத்தில் பங்குகொள்வதில்லை. எனவே உயர்வு வேண்டுவோர் அறுவடைக்குப் பின், விளைவின் பங்காக, சட்ட வரம்புக்குள் கேட்கட்டும்.

குத்தகைக் கமக்காரர்களே! கமநல சேவை நிலையத்தின் காணிப் பதிவேட்டில் உங்கள் பெயரை இன்றே பதியுங்கள். பதிவில்லாதவன் தன் உரிமையை வழக்கில் நிறுவுதல் எளிதன்று.