நடப்பார் இல்லாத ஆறு

காஞ்சிபுரத்திற்கு வருவோருள் பலர் இரண்டு மூன்று பெருங்கோயில்களைக் கண்டு, ஒரு பட்டுப் புடவையை வாங்கிக்கொண்டு ஊர் திரும்புகின்றனர். நகரின் மேற்கே கயிலாசநாதர் கோயில்வரை செல்வோரும் அதற்கு அப்பால் அடியெடுத்து வைப்பது அரிது. அங்கிருந்து பிள்ளையார்பாளையத்து நெசவுத் தெருக்களின் வழியே தென்மேற்காக நடந்து, வேகவதி ஆற்றைக் கடந்தால் திருப்பருத்திக்குன்றம் வந்துவிடும். பெயரில் குன்று இருப்பினும் வழியில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. முதியவரும் சிறுவரும் ஒரு மணி நேரத்திற்குள் நடந்து சேரக்கூடிய தொலைவுதான். இவ்வளவு எளிய நடையை நகரத்தார் மறந்துபோனதற்கும் அந்த ஆறு அழிந்துவருவதற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு என்பது என் கருத்து.

'ஆறு' என்னும் சொல்லுக்கு நீரோட்டம் என்பதோடு வழி என்னும் பொருளும் உண்டு என்பதை மாணவர் அறிவர். ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகையின் பெயர் இந்த இரண்டாம் பொருளில் அமைந்தது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய பெரும்பாணாற்றுப்படை, தொண்டைமான் இளந்திரையனின் கச்சி மாநகருக்கே வழிகாட்டுகிறது. அந்நூலில் பாம்பணையில் பள்ளிகொண்ட திருமாலைப் பற்றிய குறிப்பு வருகிறது. அவ்விடம் திருவெஃகா என்பது உரை மரபு. வெகுண்டு பெருக்கெடுத்து வந்த வேகவதியைத் தடுக்கத் திருமாலே அணையாகக் குறுக்கே கிடந்தார் என்று அத்தலத்தின் புராணக் கதை கூறும்.

இன்றைய வேகவதியைக் காண்போர்க்கு இதற்கு அணை எதற்கு என்றே தோன்றும். மேற்கே தாமல் ஏரிப் பக்கமிருந்து வந்து, காஞ்சியின் ஓரமாகச் சென்று, திருமுக்கூடலில் பாலாற்றோடும் செய்யாற்றோடும் கூடுகின்ற ஆறு இது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மட்டுமே தன் பெயருக்கேற்ப ஓடுகிறது. ஏனைய மாதங்களில் நகரத்தின் கழிவுநீரைச் சுமந்துகொண்டு, ஆகாயத்தாமரைக்கு அடியில் அசையாமல் கிடக்கிறது. கரைகள் சுருங்கின, வீடுகள் எழுந்தன. 2015ஆம் ஆண்டின் பெருமழையில் அவ்வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. ஆறு தன் பழைய வழியிலேதான் வந்தது. அவ்வழியில் வீடுகள் இருந்தன.

அக்கரையில் உள்ள திருப்பருத்திக்குன்றம், ஜின காஞ்சி எனப் புகழ்பெற்ற ஊர். பல்லவ மன்னன் சிம்மவர்மன் பருத்திக்குன்றைச் சார்ந்த வச்சிரநந்தி முனிவருக்குப் பள்ளிச்சந்தம் அளித்த செய்தியைப் பள்ளன்கோயில் செப்பேடு தருகிறது. இது ஆறாம் நூற்றாண்டின் செய்தி. இங்குள்ள திரைலோக்கியநாதர் கோயிலில் விசயநகரப் பேரரசின் அமைச்சரும் படைத்தலைவருமான இருகப்பர், தம் குருவான புட்பசேனரின் விருப்பத்திற்கிணங்க 1387ஆம் ஆண்டளவில் சங்கீத மண்டபத்தைக் கட்டினார். அதன் விதானத்தில் இடபதேவர், வர்த்தமானர், நேமிநாதர் ஆகியோரின் வரலாறுகள் வரிசை வரிசையாகத் தீட்டப்பட்டுள்ளன. ஓவியங்களின் கீழே தமிழில் விளக்கம் எழுதிய பகுதிகளும் உண்டு. கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தால்தான் படிக்க முடியும். வலியைப் பொறுத்துக்கொள்வது நன்று. கோயிலின் பின்புறம் பழைமையான குரா மரம் ஒன்று நிற்கிறது. கூடாமலும் குறையாமலும் ஒரே அளவில் நிற்கும் மரம் என்று அதனைப் போற்றுவர்.

இங்குத் தங்கிய சமண முனிவர்கள் அனைவரும் நடந்தே வந்தவர்கள். வாகனம் ஏறுவது அவர்தம் அறத்திற்கு விலக்கு. மழைக்கால நான்கு மாதங்கள் தவிர ஓரிடத்தில் நிலையாகத் தங்குவதும் விலக்கு. நடக்கும்போதும் தமக்கு முன்னே நான்கு முழ அளவு நிலத்தை நோக்கியே அடியெடுத்து வைக்க வேண்டும்; புழுவோ எறும்போ காலடியில் சிக்கிவிடலாகாது. அத்தகைய முனிவர் ஒருவர் இன்று வேகவதிக் கரையில் நடந்தால் அந்த நான்கு முழத்திற்குள் நெகிழிப் பைகளையும் உடைந்த புட்டிகளையும் கட்டட இடிபாடுகளையும் காண்பார். நாம் காண்பதில்லை. பாலத்தின்மீது இருசக்கர ஊர்தியில், மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துவிடுகிறோம்.

நீர் கெடுவதனால் நெசவுக்கும் இழப்பு நேரும். பட்டு நூலைச் சாயம் தோய்த்து அலச நிறைய நீர் வேண்டும். இவ்வூர் நீரில் தோய்த்தால்தான் பட்டுக்கு மெருகு ஏறும் என நெசவாளர் சொல்வதுண்டு. காஞ்சிப் பட்டுக்குரிய நூலில் பெரும்பகுதி கர்நாடகத்திலிருந்து வருகிறது. சரிகை சூரத்திலிருந்து வருகிறது. கைத்திறனுக்கு அடுத்தபடியாக இம்மண்ணுக்கே உரியதாய் எஞ்சுவது இந்நீர்தான். சாயக் கழிவைத் தூய்மை செய்யாமல் ஆற்றில் விடுவோர், தாம் விற்கும் பொருளின் புகழையும் அதனோடு சேர்த்து விட்டுவிடுகின்றனர்.

கயிலாசநாதர் கோயில் முதல் திருப்பருத்திக்குன்றம்வரை, ஆற்றையொட்டிய பகுதியில் நடப்பதற்கென்று ஒரு மண்பாதை அமைய வேண்டும் என்பது என் விருப்பம். புங்கும் நாவலும் மருதும் நிழல் தந்தால் போதும். வண்ண ஓடுகளும் செயற்கை நீரூற்றும் வேண்டா. ஆற்றை அழகுபடுத்துகிறோம் என்று இருகரையிலும் கற்காரைச் சுவர் எழுப்புவது, நோயாளிக்குப் புத்தாடை உடுத்துவது போன்றது.

"முதலில் ஆறு தூய்மையாகட்டும், நாற்றம் வீசும் கரையில் யார் நடப்பர்?" என்று கேட்பவர் உண்டு. நடை சாக்கடையைத் தடுக்காது என்பதும் உண்மை. அதற்குச் சுத்திகரிப்பு நிலையமும் சட்டமும் வேண்டும். ஆயினும் அவை சரிவர இயங்குகின்றனவா என்று கேட்பவர் யார்? நாள்தோறும் கரையில் நடப்பவருக்கே நேற்றைய நீரின் நிறமும் இன்றைய நீரின் நிறமும் வேறுவேறு என்பது தெரியும். நேற்று இல்லாத குப்பைக் குவியல் இன்று எங்கே முளைத்தது என்பதும் அவருக்கே தெரியும்.

தென்கொரியத் தலைநகர் சியோலில் கற்காரையால் மூடி, மேலே விரைவுச்சாலை அமைத்த ஓர் ஓடையை 2003ஆம் ஆண்டு தொடங்கி மீட்டெடுத்தனர். சொங்கேசொன் என்னும் அவ்வோடையின் கரையில் 2005 முதல் ஏறத்தாழ 6 கிலோமீட்டர் தொலைவு மக்கள் நடக்கின்றனர். அதனைப் புகழ்வோர் சொல்லாமல் விடும் செய்திகள் இரண்டு. ஓடையில் ஓடும் நீரில் பெரும்பகுதி ஹான் ஆற்றிலிருந்து மின்விசையால் ஏற்றப்படுவது. மேலும், அங்கே கடை வைத்துப் பிழைத்த எளியோர் பலர் இடம்பெயர நேர்ந்தது.

இரண்டாவது செய்தி நமக்கும் நெருக்கமானது. வேகவதிக் கரையில் குடியிருந்தோருக்காகக் கீழ்க்கதிர்ப்பூரில் அடுக்குமாடி வீடுகள் கட்டப்பட்டன. வெள்ளத்தில் மூழ்கும் இடத்தில் மக்கள் வாழலாகாது என்பதில் ஐயமில்லை. ஆனால் தறியை விட்டு, வேலையை விட்டு, பிள்ளைகளின் பள்ளியை விட்டு விலகிப் போவோர்க்கு நான்கு சுவர் மட்டும் போதுமா? அவர்கள் வேலைக்குச் செல்லப் பேருந்து வேண்டும். தறி போட இடம் வேண்டும். அவர்களை அகற்றிய இடத்தில் வசதி படைத்தோர் மட்டும் காலை உலா வருவதாயின், அப்பாதைக்கு நான் ஆதரவாளன் அல்லன். பாவு விரிக்க விடியலிலேயே எழுந்துவிட்ட நெசவாளர், வேலை ஓய்ந்த மாலையில் வந்து கால் நீட்டி அமரவும் அங்கே இடம் இருக்க வேண்டும்.

அரசு செய்ய வேண்டியதை அரசிடம் கேட்போம். அதுவரை காஞ்சியைச் சுற்றியுள்ள பள்ளிகளின் மாணவர் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் இவ்வழியே நடந்து பார்க்கலாம். மார்கழி அல்லது தை ஏற்ற காலம். ஆற்றில் சிறிது நீர் இருக்கும், வெயிலும் கடுமையாக இராது. பாலத்தில் நின்று நீரின் நிறத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதமும் அதே இடத்தில் நின்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஊருக்குள் சென்று, கோயில் திறந்திருக்கும் நேரம் பார்த்து, குரா மரத்தின் அருகே சற்று இளைப்பாறிவிட்டுத் திரும்பலாம்.