பூட்டை மாற்றியவர் யார்?

நேற்று மாலைவரை ஏற்றுக்கொள்ளப்பட்ட கடவுச்சொல் இன்று காலை பிழையென்று தள்ளப்படுகின்றது. இடையில் நிகழ்ந்தது ஒன்றே: இரவோடிரவாகக் கணினி தன்னைத் தானே இற்றைப்படுத்திக் கொண்டது. உடையவர் அதே எழுத்துக்களை அதே ஒழுங்கில் தட்டுகின்றார். திரையோ, கடவுச்சொல் பிழையானது என்று ஒரே வரியில் தீர்ப்புக் கூறிவிடுகின்றது. விசாரணை இல்லை; காரணங் காட்டுதல் இல்லை; மேன்முறையீட்டுக்கும் வழி காணோம்.

இஃதொரு சிறு தொல்லைதானே, இதற்கொரு கட்டுரை வேண்டுமா என்று சிலர் வினவக்கூடும். சட்டத்தரணியின் வழக்கேடும், நொத்தாரிசின் உறுதி வரைவும், வைத்தியரின் நோயாளர் குறிப்பும், ஆசிரியரின் வினாத்தாளும், கமக்காரர் சங்கத்தின் உர விநியோகப் பட்டியலும் கடன் கணக்கும் இன்று அந்தப் பெட்டிக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கின்றன. கதவு திறவாவிடின் வழக்குத் தவணை தவறும். சங்கத்தின் கணக்காய்வு நின்றுபோகும். இவற்றினும் பெரிய கேடு, பதற்றத்திற் செய்யப்படும் பரிகாரத்தினால் விளைவதாகும். உடையவர் கணினியைத் தூக்கிக்கொண்டு திருத்துமிடத்திற்கு ஓடுகின்றார், அங்கே 'போர்மற்' செய்தாற் சரியாகிவிடும் என்கின்றார்கள், அவரும் தலையசைக்கின்றார். மாலையிற் கணினி திறக்கின்றது. உள்ளே பத்து ஆண்டுகளின் உழைப்பு ஒன்றுமே இல்லை. பூட்டைத் திறக்க வீட்டையே இடித்த கதை இதுவன்றோ?

குற்றம் ஐயத்திற்கு இடமின்றி நிரூபிக்கப்படும் வரையில் எதிரி நிரபராதியே என்பது நீதிமன்றத்தின் அடிப்படை விதி. இவ்விதியைக் கணினியின் முன் நிற்கும் மனிதனுக்கும் வழங்க வேண்டுமென்பதே எமது வாதம். அவர் கடவுச்சொல்லை மறந்துவிட்டார் என்று எடுத்த எடுப்பில் முடிவு கட்டுவது தவறு. விசாரணை முடியுமுன் வன்தட்டை அழிப்பது அதனினும் பெருந் தவறு.

கணினி ஏன் காரணங் கூறுவதில்லை?

கணினி எமது கடவுச்சொல்லை உள்ளபடி எழுதி வைத்திருப்பதில்லை. கணித முறையொன்றினால் அதனைப் பிசைந்து பெற்ற ஓர் அடையாளத்தையே வைத்திருக்கின்றது. நாம் தட்டும் சொல்லையும் அவ்வாறே பிசைந்து, இரண்டையும் ஒப்பு நோக்குகின்றது. ஓரெழுத்து மாறினாலும் அடையாளம் முழுவதும் மாறிவிடும். ஆதலால், கிட்டத்தட்டச் சரி, கடைசி எழுத்தைக் கவனியுங்கள் என்று அதனாற் கூற இயலாது. இதுவரை குறையேதும் இல்லை. கள்வனுக்கும் துப்புக் கொடாதிருக்க இதுவே வழி.

ஆனால் சாதாரண இற்றைப்படுத்தல் எதுவும் அந்த அடையாளத்தைத் தொட வேண்டியதில்லை. அங்ஙனமாயின் மாறியது எது? பெரும்பாலும் நாம் தட்டுவது சென்றடையும் விதம் மாறியிருக்கும். அல்லது கேட்கப்படும் கேள்வியே வேறாக இருக்கும். அல்லது நாம் நிற்கும் வாயில் வேறு வாயிலாக இருக்கும். இம்மூன்றையும் ஒவ்வொன்றாக விசாரித்தல் வேண்டும்.

முதல் விசாரணை

முதலாவது சாட்சி விசைப்பலகை. புதிய பதிப்பு நிறுவப்படும்போது அதன் அமைப்புச் சில வேளைகளில் மாறிவிடுவதுண்டு. அமெரிக்க அமைப்பில் ஷிப்ட் விசையுடன் 2ஐ அழுத்தினால் @ வரும். பிரித்தானிய அமைப்பில் அதே விசை மேற்கோட் குறியைத் தரும். கடவுச்சொல்லில் @ குறியை வைத்திருப்போர் எம்மிடையே எத்தனை பேர்! விரல் சரியாகவே தட்டுகின்றது. கணினிக்கோ வேறு குறி போய்ச் சேர்கின்றது. புள்ளிகளுக்குப் பின்னால் மறைந்திருப்பதால் உடையவர் அதனைக் காண்பதில்லை. தமிழிலும் ஆங்கிலத்திலும் தட்டெழுதுவோர், தமிழ் அமைப்பு முன்னே வந்து நிற்கின்றதா என்பதையும் பார்த்தல் வேண்டும். திரையின் வலப்பக்கக் கீழ் மூலையில் மொழியின் பெயர் சுருக்கமாகக் காட்டப்பட்டிருக்கும். கடவுச்சொற் பெட்டியின் ஓரத்திலுள்ள சிறு கண் அடையாளத்தை அழுத்தினால், தட்டிய எழுத்துக்கள் வெளிப்படும். கப்ஸ் லொக், நம் லொக் ஆகிய விசைகளையும் மறத்தலாகாது. எழுத்து விசைகளிலே ஐயமிருப்பின், திரையிலேயே விசைப்பலகையை வரவழைத்து அதிலே தட்டிப் பார்க்கலாம்.

இரண்டாவது, கேட்கப்படுவது எது என்பது. 'பின்' எனப்படும் இரகசிய இலக்கம் வேறு, கடவுச்சொல் வேறு. இரகசிய இலக்கம் அந்த ஒரு கணினிக்கு மாத்திரம் உரியது. நாளாந்தம் நான்கு இலக்கங்களைத் தட்டிப் பழகியவரிடம், இற்றைப்படுத்தலின் பின் கணினி கடவுச்சொல்லைக் கேட்கின்றது. அவரோ பழக்கத்தினால் அதே நான்கு இலக்கங்களைக் கொடுக்கின்றார். உட்புகும் முறைகளைக் காட்டும் பகுதியைத் திறந்து பார்த்தாற் குழப்பம் தீரும். அப்பகுதியிலும் ஒரு விந்தை நிகழ்ந்ததுண்டு. 2025 ஆகஸ்ட் இறுதியில் விண்டோஸ் 11க்கு வெளியான இற்றைப்படுத்தலின் பின், சில கணினிகளிற் கடவுச்சொல்லுக்குரிய அடையாளப் பொத்தான் கண்ணுக்குத் தெரியாமற் போயிற்று. பொத்தான் அங்கேதான் இருந்தது. படம் மாத்திரம் மறைந்துவிட்டது. அது இருக்கவேண்டிய வெற்றிடத்திற் சுட்டியைக் கொண்டுசென்று அழுத்துமாறு மைக்ரோசொப்ட் நிறுவனமே அறிவுரை கூறியது. கதவு உண்டு, தடவிப் பார்த்துக் கண்டுகொள்ளுங்கள் என்று வீடு கட்டியவரே கூறுவது போன்றதன்றோ இது!

மூன்றாவது, கணக்கு எத்தகையது என்பது. மைக்ரோசொப்ட் கணக்கினாற் புகும் கணினியாயின், அக்கணக்கின் கடவுச்சொல்லே இங்கும் வேண்டும். அதனைக் கைத்தொலைபேசியில் மாற்றியிருந்தால், இந்தக் கணினி இணையத்தோடு தொடர்பு கொள்ளும் வரையில் புதிய சொல்லை அறியாது. ஆதலால் திரையின் மூலையிலுள்ள இணைய அடையாளத்தை முதலிற் பார்த்தல் நன்று. உள்ளூர்க் கணக்காயின், தொடக்கத்தில் விடையளித்த மூன்று பாதுகாப்பு வினாக்களைக் கொண்டு புதிய கடவுச்சொல் அமைக்க வழியுண்டு.

ஒரு எச்சரிக்கை. சினங்கொண்டு திரும்பத் திரும்பத் தட்டுவதாற் பயனில்லை. 2022ஆம் ஆண்டின் பதிப்பு முதல், புதிதாக நிறுவப்பட்ட விண்டோஸ் 11 கணினிகளிற் பத்து முறை தவறினாற் பத்து நிமிடங்கள் கதவு முற்றாக அடைக்கப்படும். அவ்வேளையிற் சரியான சொல்லும் எடுபடாது.

சொல் சரி, ஆயினும் மறுப்பு

இவ்வளவும் பார்த்த பின்னரும் மறுக்கப்படுமாயின், இற்றைப்படுத்தலின் மீதே ஐயங் கொள்ள நியாயமுண்டு. வெறும் ஊகத்தினால் இதனைக் கூறவில்லை. ஒரு கணினியிற் செய்த நிறுவலை அப்படியே படியெடுத்துப் பல கணினிகளுக்கு இடும் வழக்கம் அலுவலகங்களில் உண்டு. முறைப்படி செய்யாவிடின் அக்கணினிகள் அனைத்தும் ஒரே உள் அடையாள இலக்கத்தைச் சுமந்து நிற்கும். ஒரே அடையாள அட்டை இலக்கத்தோடு பல ஆட்கள் நடமாடுவதற்கு இஃது ஒப்பாகும். பல்லாண்டுகளாக இதனைப் பொறுத்துவந்த விண்டோஸ், 2025 ஆகஸ்ட் 29இன் பின் வந்த இற்றைப்படுத்தல்களிலிருந்து பொறுக்க மறுத்தது. ஒரு கணினியிலிருந்து மற்றொன்றினுட் புக முயன்றோரின் சரியான கடவுச்சொற்கள் தள்ளப்பட்டன. காரணத்தை நிறுவனம் ஒக்டோபரில் விளக்கிற்று. அதுவரையில் தம் நினைவாற்றலையே சந்தேகித்த எழுதுவினைஞர்களுக்கு யார் பதில் கூறுவது?

பெரிய பூட்டு

இனி, எல்லாவற்றிலும் பாரதூரமான விடயத்திற்கு வருவோம். சில வேளைகளில் இற்றைப்படுத்தலின் பின் எழும் திரை கடவுச்சொல்லைக் கேட்பதே இல்லை. நாற்பத்தெட்டு இலக்கங்கள் கொண்ட மீட்புத் திறப்பைக் கேட்கின்றது. இது பிட்லொக்கர் என்னும் மறைகுறியாக்கப் பூட்டு. வன்தட்டிலுள்ள யாவற்றையும் பிறர் வாசிக்க முடியாதவாறு உருமாற்றி வைத்திருப்பது. 2024 ஜூலையில் வந்த பாதுகாப்பு இற்றைப்படுத்தலின் பின் பல கணினிகள் காரணமின்றி இத்திரையைக் காட்டின. ஆகஸ்டில் அது திருத்தப்பட்டது. 2025 மே மாதத்தில் விண்டோஸ் 10 கணினிகள் சிலவற்றிலும் அதுவே நிகழ்ந்தது.

இந்தத் திறப்பு இல்லையெனில் உள்ளேயிருப்பதை எவராலும் மீட்க முடியாது. தொலைந்த திறப்பைத் தம்மாலும் உருவாக்கித் தர இயலாதென்று மைக்ரோசொப்ட் வெளிப்படையாகவே கூறியுள்ளது. ஆனால் இப்படியொரு பூட்டுத் தம் கணினியில் இருப்பதையே உடையவர் பலர் அறியார். ஏனெனில் புதிய கணினிகள் பலவற்றில், மைக்ரோசொப்ட் கணக்கினால் முதன்முறை உட்புகுந்த அளவிலேயே அது தானாகப் பூட்டிக் கொள்கின்றது. திறப்பின் பிரதி அக்கணக்கிற்கு அனுப்பி வைக்கப்படுவது உண்மை. ஆனால் அக்கணக்கைத் திறந்தவர் யார்? விற்பனைக் கடையில் யாரோ ஒருவர் தம் வசதிக்காகத் திறந்து கொடுத்த கணக்காக இருந்தால்? மின்னஞ்சல் முகவரியும் நினைவில்லை, அதன் கடவுச்சொல்லும் தெரியாது என்றால்? வீடு எமது, பூட்டும் எமது, திறப்பு மாத்திரம் எவர் கையிலோ!

இத்திரையைக் கண்டவர் கலங்காது, அதிலே காட்டப்படும் திறப்பு அடையாளத்தின் முதல் எட்டு எழுத்துக்களைக் குறித்துக்கொண்டு, வேறொரு கணினியிலோ கைத்தொலைபேசியிலோ தம் மைக்ரோசொப்ட் கணக்கினுட் சென்று, அவ்வெழுத்துக்களுக்கு ஒத்த திறப்பைத் தேடுதல் வேண்டும். அலுவலகக் கணினியாயின் அதனை நிருவகிப்பவரிடம் கேட்டல் வேண்டும். இவை முடியுமுன் எவரையும் வன்தட்டில் கை வைக்க விடுதலாகாது.

இற்றைப்படுத்தலே வேண்டாமா?

அப்படியாயின் இற்றைப்படுத்தலையே நிறுத்திவிடலாமே என்பாரும் உளர். அதனை நாம் ஏற்கோம். 2017 மே மாதத்தில் 'வன்னகிரை' என்னும் கொள்ளை மென்பொருள் பல நாடுகளிற் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. இங்கிலாந்தின் வைத்தியசாலைகள் சத்திர சிகிச்சைகளை ஒத்திவைக்க நேர்ந்தது. அந்த ஓட்டையை அடைக்கும் இற்றைப்படுத்தல் இரண்டு மாதங்களுக்கு முன்னரே, மார்ச்சில், வெளியாகியிருந்தது. அதனை இடாதவர்களே அகப்பட்டனர். பூட்டைப் புதுப்பித்தல் வேண்டும் என்பதில் எமக்குப் பிணக்கில்லை. உடையவருக்கு அறிவியாமலும், திறப்பை அவர் கையில் ஒப்படைக்காமலும் புதுப்பிப்பதையே எதிர்க்கின்றோம். குடியிருப்பவருக்கு அறிவித்தல் கொடாது பூட்டை மாற்றும் வீட்டுக்காரனை எந்த நீதிமன்றமும் பாராட்டுவதில்லை.

செய்ய வேண்டியவை

மென்பொருள் செய்வோர், வன்தட்டைப் பூட்டுமுன் உடையவருக்கு விளங்கும் மொழியிற் கேட்டு, திறப்பை அவர் எழுதி எடுத்துக்கொண்டார் என்பதை உறுதிப்படுத்திய பின்னரே பூட்டுதல் வேண்டும். கணினி விற்போர், கணக்கை வாங்குபவரின் பெயரிலேயே, அவர் கண்முன்னே, அவர் கையாலேயே திறப்பித்தல் வேண்டும். திருத்துவோர், உடையவரின் எழுத்து மூலமான சம்மதமின்றி எதனையும் அழித்தலாகாது.

எமது கடமையும் உண்டு. கூட்டுறவுச் சங்கங்களும் கமக்காரர் அமைப்புகளும் பாடசாலைகளும் தம் கணினி ஒவ்வொன்றின் மீட்புத் திறப்பையும் தாளில் எழுதி, உறையிலிட்டு ஒட்டி, செயலாளரும் தனாதிகாரியும் கையொப்பமிட்டு, கூட்டறிக்கைப் புத்தகத்தோடு அலுமாரியில் வைத்தல் வேண்டும். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிருவாகம் மாறும்போது முத்திரையையும் காசோலைப் புத்தகத்தையும் போல அவ்வுறையும் கைமாற வேண்டும். திறப்பைப் பூட்டிய பெட்டிக்குள்ளேயே வைப்பதிற் பயனில்லை. கணினியிற் சேமித்த திறப்பும் அத்தகையதே. முக்கிய கோப்புகளின் பிரதியொன்றை வாரந்தோறும் வேறொரு வன்தட்டில் எடுத்து வைத்தலும் வேண்டும். உங்கள் கணினியைத் திருத்தித் தருகிறோம் என்று தாமாகவே தொலைபேசியில் அழைப்பவர் எவருக்கும் கடவுச்சொல்லையோ திறப்பையோ கூறுதல் கூடாது.

எம் முன்னோர் காணி உறுதியைப் பெட்டகத்தில் வைத்துக் காத்தார்கள். காணி எங்கே கிடந்தாலும் உறுதி கையில் இருந்தால் உரிமை கையில் இருந்தது. இன்று எமது உழைப்பின் பெரும் பகுதி கணினிக்குட் கிடக்கின்றது. அதன் திறப்பு நம் வீட்டிலா, வேறெங்கோவா என்பதை இவ்வாரமே ஒவ்வொருவரும் பார்த்துக் கொள்ளட்டும். அடுத்த இற்றைப்படுத்தல் எம்மைக் கேட்டுக்கொண்டு வரப்போவதில்லை.