தேவியின் சிங்கம், அசுரனின் கதாயுதம்

மாமல்லபுரம் வரும் பிரெஞ்சுப் பயணிகளிடம் நாலு வார்த்தை பேச ஆசைப்படும் நம் செங்கல்பட்டுப் பிள்ளைகள் முதலில் தடுமாறுவது 'அவனுடைய', 'அவளுடைய' என்ற இடத்தில்தான். தமிழ் உடையவரைப் பார்க்கிறது; பிரெஞ்சு உடைமையைப் பார்க்கிறது. மாமல்லபுரத்து மகிஷாசுரமர்த்தினி குகைச் சிற்பத்தின் முன் போய் நின்றால் இது சட்டென்று விளங்கும். பிரெஞ்சில் சிங்கம் ஆண்பால் சொல். ஆகவே தேவி பெண்ணானாலும் அவள் ஏறிவரும் சிங்கம் 'ஸோன் லியோன்'. கதாயுதம் பெண்பால், ஆகவே எதிரே நிற்கும் எருமைத்தலை அசுரனின் கையில் இருப்பது 'ஸா மஸ்யூ'. உடையவர் ஆணா பெண்ணா என்பது பொருட்டே இல்லை. இன்னொன்று: பள்ளி பெண்பால்தான், ஆனாலும் உயிரொலியில் தொடங்குவதால் 'என் பள்ளி' என்பதை 'மா எகோல்' என்று சொல்லக் கூடாது, 'மோன் எகோல்' என்றே சொல்ல வேண்டும். ஒரு கல், ஓர் ஊர் என்று ஓசைக்காகச் சொல்லை மாற்றிப் பழகிய நமக்கு இது புதிதா என்ன? 'நம்', 'எங்கள்' இரண்டுக்கும் அவர்களிடம் 'நோத்ர்' ஒன்றுதான். அந்த நுட்பம் தமிழுக்கு உண்டு. ஆசிரியர்களே, மோன், மா, மே என்று அட்டவணையை ஒப்பிக்க வைக்கும் முன் பிள்ளைகளை ஒருமுறை அந்தக் குகைக்கு அழைத்துப் போங்கள்.